ஊரணிக்குத் தோள் கொடுத்தவர்களுக்கு

அன்புள்ள ஊர்ச் சொந்தங்களுக்கு வணக்கம்.

ஐப்பசி, கார்த்திகை மழையில் நம் ஊரணிக்குத் தண்ணீர் வந்து சேர்ந்திருக்கிறது. படித்துறையில் மேலே நான்கு படிகள்தான் வெளியே தெரிகின்றன. சீமைக்கருவேலம் மண்டி, ஆடு கூட உள்ளே போக முடியாமல் கிடந்த இடம் அது. இப்போது எழுதாவிட்டால் எப்போது எழுதுவது என்று இன்று உட்கார்ந்துவிட்டேன். பெயர் போட வேண்டாம் என்று பலரும் கேட்டுக்கொண்டதால் யார் பெயரையும் எழுதவில்லை. படிக்கும்போது அவரவருக்குத் தெரியும்.

ஊரணியைத் தூர்வார நமக்கு நாமே திட்டத்தில் மனுப் போடலாம் என்று முதலில் சொன்னவர் நம் ஓய்வுபெற்ற தலைமையாசிரியர் ஐயா. மதிப்பீட்டில் மூன்றில் ஒரு பங்கை மக்கள் கட்டினால் மீதியை அரசு போடும். 1997-98-ல் இந்தத் திட்டம் முதன்முதலில் வந்தபோது நம் பள்ளிக்கூடத்துக்கு ஒரு வகுப்பறை இப்படித்தான் கிடைத்தது. அந்தத் தீர்மானத்தின் நகல், வசூல் நோட்டு, ரசீதுகள் எல்லாவற்றையும் ஐயா டிரங்குப் பெட்டியில் பத்திரமாக வைத்திருந்தார். திட்டம் 2011-ல் தன்னிறைவுத் திட்டம் என்று பெயர் மாறி, 2021-ல் பழைய பெயரிலேயே திரும்பி வந்திருக்கிறது. ஐயாவின் பெட்டி மட்டும் இல்லையென்றால் தீர்மானத்தை எந்த வாசகத்தில் எழுதுவது என்பதே எனக்குத் தெரிந்திருக்காது.

அப்புறம் 2023 அக்டோபர் 2 கிராம சபை. நம்மைப் போல 501 முதல் 3000 பேர் வரை உள்ள ஊராட்சியில் 100 பேர் வந்தால்தான் சபை செல்லும். 11 மணிக்கு நோட்டை எண்ணினால் 93 கையெழுத்து. ஏழு பேர் குறைவு. மகளிர் குழு அக்காக்கள் இரண்டு பேர் ஒரு வார்த்தையும் பேசாமல் எழுந்து வெளியே போனார்கள். அரை மணி நேரத்தில் வயலில் நின்றவர்களை அப்படியே கூட்டிக்கொண்டு வந்துவிட்டார்கள். அதில் வந்த அப்பத்தா ஒருவர் கைநாட்டு வைத்துவிட்டு, “நான் இந்த ஊருக்கு வாக்கப்பட்டு வந்தப்ப இந்தத் தண்ணியிலதான் உலை வைப்போம், அதையும் எழுதிக்கப்பா” என்றார். தீர்மானத்தில் அதை எழுத வழியில்லை அப்பத்தா, இங்கே எழுதிவிட்டேன்.

முதல் மனு திரும்பி வந்ததைப் பற்றியும் சொல்ல வேண்டும். ஊரணியின் சர்வே எண்ணில் உட்பிரிவை நான் மாற்றி எழுதிவிட்டேன். நான் எழுதியது பக்கத்தில் வீடுகள் இருக்கும் நத்தத்தின் உட்பிரிவு. ஓர் அலுவலகத்தில் இரண்டு மாதம் கிடந்து, “வரைபடம் பொருந்தவில்லை” என்ற ஒற்றை வரியோடு வந்தது. எது பொருந்தவில்லை என்று கேட்டால் சொல்ல ஆளில்லை. ரொம்பவே நொந்துபோனேன். கல்லூரியில் படிக்கும் நம் தம்பி அன்று ராத்திரியே நிலக்கணக்கான அ-பதிவேட்டையும் நில அளவை வரைபடமான புலப்படத்தையும் அரசு இணையதளத்தில் எடுத்து, என் மனுவோடு வரிவரியாக ஒத்துப் பார்த்தான். தவறைக் கண்டுபிடித்துச் சொன்னது அவன்தான்.

ஆனால் தாளில் சரியானால் போதாதே. தரையிலும் எல்லை தெரிய வேண்டும். கிராம உதவியாளர் அண்ணன் முள்ளை வெட்டி ஒதுக்கிக்கொண்டு, கடப்பாரையால் தட்டிக்கொண்டே முன்னால் போனார். மண்ணில் பட்டால் பொத்தென்று ஒரு சத்தம். இருபது முப்பது இடத்தில் அதே சத்தம்தான். கடைசியில் ஓரிடத்தில் ‘ணங்’கென்றது. குத்தவைத்து உட்கார்ந்து கையாலேயே மண்ணை அள்ளி விலக்கினார். சர்வே கல். முழங்கை இரண்டிலும் முள் கீறி ரத்தம் வழிந்துகொண்டிருந்தது. அவர் அதைக் கவனிக்கவே இல்லை, துண்டால் கல்லைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

அந்தக் கல்லிலிருந்து அளந்தபோதுதான், ஊரணிக்குத் தண்ணீர் கொண்டுவரும் வரத்துக்கால் மேல் நம்மவர் ஒருவரின் வேலி நிற்பது தெரிந்தது. அவர் அப்பா காலத்தில் போட்ட வேலி. எல்லோரும் சங்கடப்பட்டு நின்றோம். மறுநாள் காலையில் போனால் அவரே கல்லுக்கால்களைப் பிடுங்கி ஓரமாக அடுக்கியிருந்தார். ஒரு நோட்டீஸ் இல்லை, ஒரு பஞ்சாயத்து இல்லை. அண்ணே, நம் ஊரணிக்குள் முதல் தண்ணீர் உங்கள் நிலத்தைத் தொட்டுத்தான் வந்தது.

எஸ்டிமேட் போட வந்த ஓவர்சியர் சாருக்கும் பெரிய நன்றி. நாங்கள் ஊரணியை ஆழமாக வெட்டினால் போதும் என்று நினைத்திருந்தோம். வரத்துக்காலைத் தூர்வாராமல் குழியை மட்டும் ஆழப்படுத்தினால் பள்ளம் இருக்கும், தண்ணீர் இருக்காது என்றார். அதோடு, அடியில் இருக்கும் களியை, அதாவது களிமண்ணைக் கிழித்துவிட்டால் வந்த தண்ணீரும் இறங்கிப் போய்விடும் என்றார். வரத்துக்காலையும் சேர்த்து 9 லட்சம் ரூபாய்க்கு மதிப்பீடு ஆனது. நம் பங்கு 3 லட்சம்.

தலைக்கட்டுக்கு, அதாவது குடும்பத்துக்கு, 2,000 ரூபாய் என்று வரி போட்டோம். 110 தலைக்கட்டு. ஒன்றுகூட பாக்கி இல்லாமல் 2,20,000 வந்தது. வாரா வாரம் கொஞ்சம் கொஞ்சமாகக் கட்டி முடித்தவர்கள் இருக்கிறார்கள். ஆண் துணையில்லாத மூன்று வீடுகளுக்கான வரியை யாரோ வசூல்காரரிடம் கொடுத்துவிட்டுப் போயிருக்கிறார்கள். யாரென்று அவரும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. மீதி 80,000-ஐச் சிங்கப்பூரிலும் துபாயிலும் இருக்கும் நம் பிள்ளைகள் அனுப்பினார்கள். பாதிப் பணம் கட்டினால் வேலையை ஊரே எடுத்துச் செய்யலாம், அதற்கு நம்மால் முடியவில்லை. சரி, டெண்டரிலேயே நடக்கட்டும் என்று விட்டோம்.

அந்த நேரம் பார்த்து 2024 மார்ச் 16-ல் நாடாளுமன்றத் தேர்தல் தேதி அறிவித்தார்கள். நடத்தை விதி வந்துவிட்டால் புது வேலை எதையும் தொடங்க முடியாது. ஜூன் முதல் வாரம் வரை அப்படியே நின்றது. கட்டிய பணம் என்ன ஆச்சு என்று ஒருவர்கூட என்னைக் கேட்கவில்லை. அந்த மூன்று மாதம் நீங்கள் காட்டிய பொறுமைக்கு எப்படி நன்றி சொல்வதென்று எனக்குத் தெரியவில்லை.

வேலை ஜூலையில் தொடங்கி, புரட்டாசியில் முடிந்தது. ஹிட்டாச்சி ஓட்டிய தம்பிக்கு நாங்கள் ஒரே ஒரு தடவைதான் சொன்னோம். மண்ணின் நிறம் மாறியதும் வாளியை அந்தரத்தில் நிறுத்திவிட்டு, “இதுதானே அந்தக் களி, வந்து பாருங்க” என்று கூப்பிட்டார். கரையில் வைத்த வேம்பு, புங்கன், மருதம், நாவல் கன்றுகள் பசுமைத் தமிழ்நாடு இயக்கத்தில் வனத்துறை நாற்றங்காலிலிருந்து கிடைத்தவை. வெட்டிப் போட்ட கருவேல முள்ளையே அவற்றுக்குக் கூண்டாகக் கட்டியவர்கள் நம் இளவட்டங்கள். மழை வராத நாளில் குடத்தோடு வந்து ஊற்றியவர்கள் பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள்.

வரவு செலவு நோட்டைப் படிப்பகத்தில் வைத்திருக்கிறேன். யார் வேண்டுமானாலும் பார்க்கலாம். பக்கத்து ஊர்க்காரர்கள் இரண்டு மூன்று பேர் மனு எப்படிப் போட்டீர்கள் என்று கேட்டார்கள். மொத்தக் கோப்பையும் ஜெராக்ஸ் எடுத்து அங்கேயே வைத்திருக்கிறேன், திரும்பி வந்த முதல் மனுவும் அதில் இருக்கிறது. எடுத்துப் போய் எழுதுங்கள். சர்வே எண் பக்கத்தை மட்டும் இரண்டு தடவை பார்த்துக்கொள்ளுங்கள்.

நன்றியோடு,
ஊரணிக் குழுவுக்காக, செயலாளர்
சிவகங்கை மாவட்டம்