சூரை மீனுக்கு வேண்டியது ஐஸ்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

ஜப்பான்காரர்கள் போல சூரை (டூனா) மீனைப் பச்சையாகத் தின்றால் உடம்புக்கு நல்லது என்று என் பேரன் கைப்பேசியில் ஒரு காணொளியைக் காட்டினான். ஞாயிற்றுக்கிழமை குழம்புக்கு வாங்கிய மீனிலேயே ஒரு துண்டை எடுத்து எலுமிச்சை பிழியவும் ஆரம்பித்துவிட்டான். தட்டைப் பிடுங்கி வைத்தேன். நாகப்பட்டினம் பக்கம் 30 வருடம் கிராம சுகாதாரச் செவிலியராக இருந்தவள் நான்.

சூரை சத்தான மீன்தான், அதில் சந்தேகமே இல்லை. 100 கிராமில் ஏறக்குறைய 24 கிராம் புரதம், கொழுப்பு குறைவு, வைட்டமின் பி12 ஒரு நாள் தேவையில் பெரும்பங்கு. வஞ்சிரத்துக்கு உள்ள மரியாதை இதற்கு இங்கே கிடையாது. கறுத்த சதை, ரத்தம் அதிகம் என்று ஒதுக்குவார்கள். எனக்கு அதில் வருத்தம் உண்டு. புளி ஊற்றிக் குழம்பு வைத்தால் அந்தப் புரதம் எங்கும் போய்விடாது.

ஜப்பானில் பச்சையாகத் தின்னும் சூரை வேறு. பிடித்த கையோடு ரத்தம் வடித்து, குடலை எடுத்து, கப்பலிலேயே மைனஸ் 60 டிகிரியில் உறையவைப்பார்கள். நம் மீனோ ஏலத்தில் வெயில் காய்ந்து, கூடையில் பஸ் ஏறி, கீழ்வேளூர், திருவாரூர் என்று போகிறது.

நான்கு வருடத்துக்கு முன் ஒரு நாள் சாயங்காலம் சூரை வாங்கிக் குழம்பு வைத்தோம். வெட்டும்போது நாற்றமே இல்லை. வாயில் வைத்ததும் மிளகைக் கடித்தது போலச் சுருக்கென்றது. அரை மணி நேரத்தில் மருமகளுக்கு முகமும் கழுத்தும் சிவந்து, தலைவலி, உடம்பெல்லாம் தடிப்பு. மீன் ஒத்துக்கொள்ளவில்லை என்றார்கள் அக்கம்பக்கத்தார். அடுத்த வாரம் அதே மருமகள் நல்ல சூரை சாப்பிட்டாள், ஒன்றும் ஆகவில்லை. குளிர் விட்டுப்போன சூரையில் கிருமிகள் ஹிஸ்டமின் என்ற பொருளை உண்டாக்கிவிடும். அப்புறம் கொதிக்கவைத்தாலும் பொரித்தாலும் அது போகாது. சமைத்த மீனுக்கே இந்தக் கதி என்றால், பச்சை மீனில் புழுவும் கிருமியும் கூடச் சேர்ந்துகொள்ளும். கர்ப்பிணிகள் பச்சை மீன் பக்கமே போகக் கூடாது.

கூடைக்காரப் பெண்களைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. ஐஸுக்குக் கொடுத்தால் அன்றைய லாபத்தில் கைவைக்க வேண்டும். இறங்குதளங்களில் அவர்களுக்குக் குறைந்த விலையில் ஐஸும், தூக்கிப்போக ஆளுக்கொரு ஐஸ் பெட்டியும் மீன்வளத் துறை தர வேண்டும். வெயில் ஏறும் பங்குனிக்கு முன்பே கொடுத்தால் நல்லது.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற கிராம சுகாதாரச் செவிலியர்,
நாகப்பட்டினம் மாவட்டம்.