பூளைப்பூவும் பனியன் வேஸ்ட்டும்

திருப்பூர்
ஜனவரி 4, 2026

அடியே மோர்க்குழம்பு,

நல்லா இருக்கியா, வூட்டுக்காரர் சௌக்கியமா, பையன் ப்ளஸ் டூவுக்குப் படிக்கிறானா இல்ல படிக்கிற மாதிரி உக்காந்திருக்கானா. எல்லாத்தையும் ஒரே மூச்சுல கேட்டுட்டேன். அப்பறம் குசலம் விசாரிக்கலைன்னு சண்டைக்கு வராதே. சித்திரைக்குப் பொறவு உனக்கு ஒரு வரி கூடப் போடலைங்கறதும் தெரியும். போன்ல பேசினா மூணாவது நிமிஷம் உனக்குக் குக்கர் விசில் அடிச்சிருது. அதனாலதான் இந்த ஞாயித்துக்கிழமையைக் கடுதாசிக்குன்னு ஒதுக்கிட்டேன்.

நீ கேட்டது முதல்ல. 13ந் தேதி உங்க ஆபீஸ்ல பொங்க நோம்பி கொண்டாடறீங்க, சாப்பாட்டு மேசை நடுவுல வைக்க ஏதாவது அலங்காரம் வேணும், காசு செலவாகக் கூடாது. அதானே? கேட்டதுக்குச் சரியான ஆளைத்தான் பிடிச்சிருக்கே. இப்பத்தான் நானே பன்னண்டு மேசைக்கு அதைச் செஞ்சு முடிச்சுட்டு, விரல்ல பெவிகால் உரிச்சுக்கிட்டு இருக்கேன்.

வருசா வருசம் எங்க பனியன் கம்பெனியில டிசம்பர் கடைசி சனிக்கிழமை எல்லாருக்கும் ஒரு விருந்து உண்டு. போன வருசமெல்லாம் மேடை, பாட்டு, மேசைக்கு மேசை ரோசாப்பூன்னு அமர்க்களம். இந்த வருசம் நடக்குமாங்கறதே சந்தேகமா இருந்துச்சு. ஆகஸ்ட் 27ந் தேதி அமெரிக்காக்காரன் நம்ம சரக்கு மேல வரியை 50 சதவீதம் ஆக்கினானே, அதுல இருந்து இங்க பேச்சே வேற. நம்மூர் சரக்குல கிட்டத்தட்ட மூணுல ஒரு பங்கு அவனுக்குத்தான் போகுது. எங்க கம்பெனிக்கு அதைவிட எச்சா. விருந்தை நிறுத்தினா கம்பெனியே படுத்துருச்சுன்னு பேசுவாங்கன்னு மொதலாளி பயந்துட்டு, "நடத்துங்க, ஆனா சிக்கனமா"ன்னுட்டார். டெக்கரேசன்காரன் மேசைக்கு 650 ரூபா கேட்டான். மொதலாளி மொத்தமா 1500 குடுத்து, "அம்மிணி, நீங்கதான் கைவேலை எல்லாம் செய்வீங்களே"ன்னார். நம்ம ஹாஸ்டல் ஆண்டு விழாவுல நான் ஒட்டின வளைவு என்ன ஆச்சுன்னு அவருக்குத் தெரியாது. நீயும் சொல்லிராதே.

கம்பெனிக்குள்ளயே ஒரு சுத்து சுத்தி வந்தேன். நூல் தீர்ந்த பேப்பர் கோன் மூட்டை மூட்டையாக் கெடக்குது. ஏழு அங்குல உசரம், அடிப்பக்கம் அகலம், நுனி குறுகல், நுனியில ஒரு ஓட்டை. பூச்சாடிக்கு வேற என்ன வேணும்? கேன்டீன்ல தெனமும் தேங்காத் தொட்டி மிஞ்சுது. கட்டிங்ல பாட்டில் பச்சையும் அரக்கு செவப்பும் வேஸ்ட் ரெண்டு மூட்டை. அந்தக் கலர் எதுக்குத் தெரியுமா? கிறிஸ்துமஸ் ஆர்டர். பாதி வெட்டினதோட "நிறுத்தி வையுங்க"ன்னு மெயில் வந்துருச்சு. அவன் ஊர்ல கிறிஸ்துமஸுக்குப் போட வேண்டிய துணி, நம்ம மேசையில பூச்சாடியாப் போச்சு.

கோன் மேல துணியைச் சுத்தலாம்னு கத்தரியை எடுத்தேன். ரெண்டு விரல் அகலத்துக்கு நீள நீளமா வெட்டிச் சுத்தினா, பிசிறு தெரிஞ்சு, கால்ல கட்டுப் போட்ட மாதிரி இருந்துச்சு. டீ டைமுக்கு அந்தப் பக்கம் வந்த, தையலுக்குத் துணி மடிச்சுக் குடுக்கற கைமடி அக்கா ஒண்ணு, சித்தே நின்னு பார்த்துட்டுக் கத்தரியைப் பிடுங்கிருச்சு. "குறுக்கால வெட்டோணும் அம்மிணி." அகலவாக்குல வெட்டி, ரெண்டு முனையையும் பிடிச்சு வெடுக்குனு ஒரு இழுப்பு. ரெண்டு ஓரமும் தானாச் சுருண்டு உள்ள போயி, துணி கயிறாயிருச்சு! பிசிறே காணோம். நான் பத்தொம்பது வருசமா இந்தத் துணிக்குப் பில் போட்டுட்டு இருக்கேன், எனக்குத் தெரியலை பாரு. ஆனா இது ஒத்தைப் பின்னல் துணியான சிங்கிள் ஜெர்சியிலதான் நடக்கும். ரெட்டைப் பின்னலான இன்டர்லாக், ரிப் எல்லாம் எத்தனை இழுத்தாலும் வாழைநார் மாதிரி தட்டையாத்தான் கெடக்கும். நீ பழைய பனியன்ல செய்யறதா இருந்தாலும் முதல்ல ஓரத்துல கொஞ்சம் வெட்டி இழுத்துப் பாரு. உங்க வூட்டுக்காரர் பனியனா இருந்தா அவர் குளிக்கப் போனப்பறம் பாரு.

கோன் காத்துக்குச் சாயும், அதனால அடியில கனம் வேணும். தேங்காத் தொட்டியைக் கமுத்தாம நிமுத்தி வெச்சு, நடுவுல கோனை நிறுத்தி, சுத்தியும் ஈர மண்ணை அமுக்கி, மேல கொஞ்சம் ஜல்லி. தொட்டி உருண்டை இல்லையா, ஆடும். அக்கா அதுக்கும் வழி சொல்லுச்சு, சும்மாட்டுக்குச் சுத்தற மாதிரி அதே துணிக் கயித்தைச் சுருட்டி அடியில வெச்சுட்டா அசையாது.

பூவுக்கு அவிநாசிப் பக்கம் எங்க அப்புச்சி தோட்டத்து இட்டேரிக்கு, அந்த வேலிப் பாதைக்குப் போனேன். மார்கழி பாதியில பூளைப்பூ வெள்ளை வெளேர்னு நிக்குது, நடுநடுவுல ஆவாரை. ஒரு சாக்கு நிறையா அறுத்துக்கிட்டேன். பூளை காஞ்சாலும் வாடினது தெரியாது, தண்ணியே வேண்டாம். ஆவாரை மறுநாளே தொங்கிப் போகும், அதைக் காலையில பறிச்சுச் சாயங்காலம் வெச்சுரோணும். அம்மா ஒரு ஆட்டம் ஆடினாங்க பாரு. "நோம்பிக்கு வாசல்ல காப்புக் கட்டற பூவை எச்சில் மேசையில வெப்பாளா ஒருத்தி?" காப்புக்கட்டுக்கு இன்னும் நாள் கெடக்குதும்மா, அது வரைக்கும் அது வரப்புக் களைதானேன்னேன். பதில் சொல்லலை, ஆனா சாக்கைத் தூக்கி வண்டியில வெச்சதும் அவங்கதான். உங்க ஆபீஸ்ல பெரியவங்க யாராவது இப்படிக் கேட்டா, வேப்பிலையையும் சேர்த்து வெச்சு நோம்பிக்காகத்தான்னு சொல்லிரு, வாயடைஞ்சிரும். கூடவே ஒரு மஞ்சக்கொத்தைத் தொட்டியில சாச்சு வெச்சா இன்னும் அழகு.

உசரத்துலதான் எல்லாரும் கோட்டை விடறது. நான் முதல்ல நீளக் கொம்பா வெச்சு ரெண்டடிக்கு நிறுத்தி, கட்டிங் மாஸ்டரை எதுத்தாப்ல உக்கார வெச்சேன். அவர் தலை ஆவாரஞ்செடியில காய்ச்ச மாதிரி இருந்துச்சு. எதுர்ல இருக்கறவங்க மூஞ்சி தெரியாட்டி பழமை பேச முடியுமா? ஒரு அடி, மிஞ்சிப் போனா அதுக்கு மேல ரெண்டு அங்குலம், அத்தோட நிறுத்திரு. மல்லி, சம்பங்கி வேண்டாம், குழம்பு வாசத்தோட சேர்ந்தா கொமட்டும். மெழுகுவர்த்தி வேண்டவே வேண்டாம். காஞ்ச பூளை, பருத்தித் துணி, பேப்பர் கோன், பத்த வைக்க வேற என்ன வேணும்? அந்தத் தீபாவளித் திரைச்சீலையை நீ மறந்திருக்கலாம், வார்டன் மறந்திருக்க மாட்டாங்க. பேட்டரியில எரியற குட்டி விளக்கு 15 ரூபாய்க்குக் கெடைக்குது, மேசைக்கு ரெண்டு.

என் கணக்கு: விளக்கு 24க்கு 360. மேசை நடுவுல விரிக்கக் காடாத் துணி 12 மீட்டர், 38 வீதம் 456. பெவிகால் 90. ஆட்டோ 120. ஆக 1026. மிச்சம் 474ஐக் கொண்டு போய்க் குடுத்தா, அக்கவுண்ட்ஸ்ல நம்ம ஹாஸ்டல் ‘தயிர்சாதம்’ மாதிரியே ஒருத்தர் இருக்கார், "பூவுக்கு பில் எங்கங்க மேடம்?"ங்கறார். வரப்புல பறிச்சதுங்கன்னா, "அப்ப ஜீரோன்னு ஒரு வவுச்சர் போட்டுருங்க." போட்டுக் குடுத்தேன் தாயே. பூளைப்பூ, ஒரு சாக்கு, ரூபாய் 0.00.

27ந் தேதி சாயங்காலம் விளக்கெல்லாம் போட்டுப் பார்த்தப்ப எனக்கே கண்ணு நிறைஞ்சு போச்சு. எல்லாரும் வந்து உக்காந்து, இலையில பிரியாணி விழுந்துச்சு. அந்த நேரம் பாத்து ஒரு ஆகாவலி ஓரத்துல இருந்த பெரிய ஸ்டாண்ட் பேனைப் போட்டுட்டான். பூளை அத்தனையும் பஞ்சாப் பறந்து, முதல் ரெண்டு மேசைப் பிரியாணியில பனி பெய்ஞ்ச மாதிரி! ஒடிசாப் பொண்ணுங்க கை தட்டிச் சிரிக்குது. மொதலாளி தட்டுல இருந்து ஒரு இழையை எடுத்துப் பார்த்துட்டு, "இது எந்த கவுண்ட் நூலுங்க அம்மிணி?"ங்கறார். பேன் காத்து நேரா விழற மேசையில பூளை வெக்காதேடி, அதுக்கு ஆவாரை மட்டும் போதும்.

இது வரைக்கும் சிரிச்சுட்டே எழுதிட்டேன். அன்னைக்கு மத்தியானம், நான் காடாத் துணியை விரிச்சுட்டு இருக்கறப்ப, மேனேஜர் ஒரு கவரைக் கையில குடுத்துட்டுப் போனார். நோம்பி லீவு முடிஞ்சு வர வேண்டாம்னு சொல்ல வேண்டியவங்க பட்டியல். இருவத்திரண்டு பேர். லீவுக்குப் போற அன்னைக்குச் சம்பளம் குடுக்கறப்ப நான்தான் சொல்லோணுமாம், ஆபீஸ்ல என்கிட்டத்தான் எல்லாரும் பிரியமா இருக்காங்களாம். பதினாலாவது பேரு கைமடி அக்கா.

மூணு நாள் டீ டைமை விட்டுட்டு என்கூட உக்காந்து துணி வெட்டிக் குடுத்தது அது. விருந்து முடிஞ்சதும், "இதுல ஒண்ணு நான் எடுத்துக்கட்டுங்களா அம்மிணி, பேத்திக்குக் காட்டோணும்"னு கேட்டுச்சு. நான் ரெண்டா எடுத்துக் குடுத்தேன். குடுத்துட்டு மூஞ்சியைத் திருப்பிக்கிட்டு விளக்கை எண்ணறேன், எண்ணறேன், இருவத்தி நாலு வரவே மாட்டேங்குது. ஒரு வாரமா அந்தக் கவர் என் டிராயர்லதான் கெடக்குது. டிராயரைத் தொறக்கறப்பெல்லாம் வெசனமா இருக்குது. வூட்டுல சொன்னா, "நீ என்ன பண்ணுவே, உனக்கு மேல இருக்கறவன் முடிவு"ங்கறார். அது எனக்கும் தெரியும். வரி கொறையுமாம், பேச்சு நடக்குதாம், பேப்பர்ல தெனமும் போடறான். அது கொறையறப்ப கொறையட்டும், இந்த இருவத்திரண்டு பேருக்கு நோம்பிக்குப் பொறவு சனிக்கிழமைச் சம்பளம் எங்க இருந்து வரும்?

அதனால ஒண்ணு கேக்கறேன், யோசிக்காமச் செய். உன் கொழுந்தனார் பெருமாநல்லூர்ல உள்நாட்டுக்குத்தானே பனியன் போடறார்? அவருக்கு இந்த வரி எல்லாம் கிடையாதே. கைமடிக்கோ செக்கிங்குக்கோ ஆள் வேணுமான்னு இன்னைக்கே கேளு. அக்காவுக்கு அம்பத்தி ரெண்டு வயசு, கண்ணு நல்லாத் தெரியும், ஒண்ணரை ஷிப்ட்டும் நிப்பாங்க. ஒருத்தர்னாலும் சரி, நாலு பேர்னாலும் சரி. 13ந் தேதிக்குள்ள எனக்குப் பதில் வேணும், பசங்க பரீட்சை, குக்கர்னு சாக்குச் சொல்லாதே.

உனக்கு வேண்டிய கோனும் பச்சைத் துணியும் ஒரு சாக்குல கட்டி, நாளைக்குக் காலைல கோயமுத்தூர் பஸ்ல குடுத்து விடறேன். பூளையும் ஆவாரையும் நீயே போய்ப் பறிச்சுக்க, உடம்புக்கு நல்லது.

உன்
கோந்து

சாக்கைத் தலைகீழாக் கொட்டிராதே. அடியில பேப்பர் சுத்தி ஒண்ணு இருக்குது. "உங்க பிரெண்டு பார்த்துச் செய்யறதுக்கு வேணுமல்லங்க"ன்னு அக்கா முழுசாச் செஞ்சு குடுத்தது.