கடையின் சாவி கடைக்காரரிடமே இருக்கட்டும்

ஆசிரியருக்கு வணக்கம்.

சிறு வணிகர்கள் இணையத்தில் சொந்தக் கடை திறப்பது பற்றி உங்கள் வணிகப் பக்கத்தில் வந்த கட்டுரையைப் படித்தேன். சென்னிமலையில் போர்வை, துண்டு, ஜமுக்காளம் விற்கும் கடைகளுக்கு இணையக் கடை கட்டித் தருவது என் தொழில். ஒரே வாரத்தில் கடை தயாராகிவிடும் என்று கட்டுரை சொன்னது உண்மைதான். கடை தயாரான பிறகு என்ன ஆகும் என்பது அதில் இல்லை. அதற்காகத்தான் இந்தக் கடிதம்.

தனி ஆளாக இந்தத் தொழிலைச் செய்ய முடிகிறது என்றால் அதற்கு எஸ்டிகே எனப்படும் மென்பொருள் கிட்தான் காரணம். பொருள் பட்டியல், கையிருப்பு, கார்ட், பணம் கட்டும் பக்கம் எல்லாவற்றையும் ஷாப்பிஃபை போன்ற நிறுவனங்கள் தங்கள் சர்வரில் வைத்துக்கொள்கின்றன. அந்த சர்வரோடு பேசுவதற்கான நிரலை எழுதி கிட்டாகக் கொடுத்துவிடுகிறார்கள். முகப்பை மட்டும் நாம் செய்தால் போதும். இதில் பெரிய சௌகரியம், கடை நம் விருப்பப்படி அமைவது. போர்வை வாங்குகிறவர் கரையையும் நெசவின் நெருக்கத்தையும் பார்க்க வேண்டும், சாயம் போகுமா என்று கேட்பார், கட்டிலின் அளவைச் சொல்லி எது பொருந்தும் என்பார். செருப்புக்கும் செல்போனுக்கும் சேர்த்துப் போட்ட ரெடிமேட் பக்கத்தில் இதற்கெல்லாம் இடம் இருக்காது. கிட்டை வைத்து நாமே எழுதினால் இருக்கும்.

ஆனால் கிட்டுக்கு ஆயுள் உண்டு. இதைத்தான் யாரும் கடைக்காரரிடம் சொல்வதில்லை.

ஷாப்பிஃபையின் ‘ஜாவாஸ்கிரிப்ட் பை எஸ்டிகே’ (JavaScript Buy SDK) உலகம் முழுக்கப் பல கடைகளில் ஓடிக்கொண்டிருந்த கிட். 2025 ஜனவரியோடு அதன் பராமரிப்பை நிறுத்துவதாக அந்த நிறுவனம் அறிவித்தது. அது நம்பியிருந்த பழைய செக்அவுட் ஏபிஐயை, அதாவது பணம் கட்டும் பக்கத்துக்காக சர்வரோடு பேசும் வழியை எடுத்துவிட்டு, கார்ட் ஏபிஐ என்ற புதிய வழிக்கு எல்லோரையும் மாறச் சொன்னார்கள். 2025 ஜூலை 1-க்குள் கிட்டின் 3-ஆம் பதிப்புக்கோ வேறு புதிய கிட்டுக்கோ மாறாத கடைகளில் வாடிக்கையாளர் பணம் கட்டி முடிக்க முடியாது என்பதையும் முன்கூட்டியே சொல்லிவிட்டார்கள். இதில் ஒளிவு மறைவு ஒன்றும் இல்லை. அவர்களின் ஏபிஐ 3 மாதத்துக்கு ஒரு முறை புதிய பதிப்பாக வரும், ஒவ்வொரு பதிப்புக்கும் குறைந்தது 12 மாத ஆதரவு உண்டு என்பதும் வெளிப்படையாக இருக்கும் விதி. கணக்கைத் தொடர்ந்து பார்த்துக்கொள்ள ஆள் இருந்தால் இது அரை நாள், ஒரு நாள் வேலை. இல்லையென்றால் கடை ஒரு காலையில் நின்றுபோகும், ஏன் நின்றது என்றுகூடத் தெரியாது.

எங்கள் பகுதியில் அக்கா ஒருவர் நடத்தும் போர்வைக் கடை இருக்கிறது. கிட் வேறு, கதை இதேதான். இணையக் கடையைக் கட்டிக் கொடுத்த நிறுவனம், டொமைன் என்ற இணைய முகவரி, கடை ஓடும் சர்வர் இடமான ஹோஸ்டிங், பணம் வாங்கித் தரும் பேமென்ட் கேட்வே எல்லாவற்றையும் தன் ஊழியர் ஒருவரின் மின்னஞ்சலிலும் செல்பேசி எண்ணிலும் பதிவு செய்திருந்தது. அந்த ஊழியர் வேலையை விட்டுப் போய்விட்டார். கிட் நிறுவனம் அனுப்பிய எச்சரிக்கைகள் எல்லாம் யாரும் திறக்காத அந்தப் பெட்டிக்குள்தான் விழுந்திருக்கின்றன. தீபாவளி நெருங்கும் நேரத்தில், “பணம் கட்டப் போனா சுத்திக்கிட்டே இருக்குதுங்க” என்று வாடிக்கையாளர்கள் போன் செய்யத் தொடங்கினார்கள். அக்கா என்னைக் கூப்பிட்டார். உள்ளே நுழையப் பார்த்தால் ஓடிபி அந்த ஊழியரின் எண்ணுக்குப் போகிறது. “ஏனுங்க தம்பி, கடை நம்முளுது, ஓடிபி மட்டும் எப்படி அடுத்தவங்களுக்குப் போகுது?” என்று கேட்டார். எனக்குப் பதில் சொல்ல வாய் வரவில்லை. நிரலின் பிரதியும் அவரிடம் இல்லை. சீசன் வியாபாரம் போனது போனதுதான். அப்புறம் புது டொமைனில் முதலிலிருந்து கட்ட வேண்டியதாயிற்று. பழைய முகவரியை அச்சடித்த பைகள் இன்னும் அவர் கடையில் கட்டுக்கட்டாகக் கிடக்கின்றன.

இதை நினைத்தால் எனக்குக் கோபம்தான் வருகிறது. கட்டியவர்களுக்குத் தொழில் தெரியாமல் இல்லை. கடைக்காரரின் பெயரில் கணக்கு திறக்க ஆகும் கூடுதல் நேரம் பத்து நிமிடம்.

பணம் வாங்கும் இடத்தில் இன்னும் கவனம் வேண்டும். ரேசர்பே போன்ற கேட்வேயில் இரண்டு சாவிகள் தருவார்கள். ஒன்று அடையாளச் சாவி. அது வாடிக்கையாளரின் பிரவுசரில் தெரியலாம். மற்றது ரகசியச் சாவி. சர்வரை விட்டு வெளியே வரக் கூடாது. அவசரத்தில் கட்டிய கடைகளில் இரண்டும் ஒரே கோப்பில் பக்கத்தில் பக்கத்தில் கிடப்பதைப் பார்த்திருக்கிறேன். பிரவுசரில் நிரலைத் திறந்து பார்க்கத் தெரிந்த யார் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளலாம். அதேபோல, வாடிக்கையாளரின் திரையில் “பணம் செலுத்தப்பட்டது” என்று வந்துவிட்டால் மட்டும் பணம் வந்ததாக ஆகாது. ஆர்டர் எண், பேமென்ட் எண்ணோடு ஒரு கையொப்பமும் வரும். ரகசியச் சாவியை வைத்து நம் சர்வரில் அதைச் சரிபார்த்த பிறகுதான் பார்சல் கட்ட வேண்டும். ரூபாயைப் பைசாவாக அனுப்ப வேண்டும் என்பதும் இருக்கிறது. 499 ரூபாய்க்கு 49900 என்று போகாவிட்டால் 4 ரூபாய் 99 காசுக்குப் போர்வை போய்விடும்.

நம் ஊருக்கென்று இருக்கும் சிக்கல் ஒன்று, பெயர். பல கிட்களோடு வரும் படிவங்கள் குடும்பப் பெயர் இல்லாமல் நகர விடாது. இனிஷியல் மட்டும் உள்ள நம் ஆட்கள் அந்தக் கட்டத்தில் புள்ளியை வைப்பார்கள், ஊர்ப் பெயரைப் போடுவார்கள், சிலர் எரிச்சலாகி மூடிவிடுவார்கள். முழுப் பெயருக்கு ஒரே கட்டம் வைத்தால் தீர்ந்தது. படிவம் நம் கையில் இருக்கும்போது இதைச் செய்யாமல் விடுவதற்குச் சாக்கே கிடையாது.

இணையக் கடைக்கு அட்வான்ஸ் கொடுப்பதற்கு முன் கடைக்காரர்கள் கட்டுபவரிடம் எழுத்தில் வாங்க வேண்டியது இது: எந்த கிட், எந்தப் பதிப்பு, அதன் ஆதரவு எதுவரை, பதிப்பு மாறும்போது யார் மாற்றுவது, அதற்கு வருடத்துக்கு எவ்வளவு. டொமைனும் கேட்வேயும் கடைக்காரரின் மின்னஞ்சலிலும் எண்ணிலும்தான் இருக்க வேண்டும். கட்டுபவரைக் கூடுதல் பயனராகச் சேர்த்துக்கொள்ளலாம், வேலை முடிந்ததும் நீக்கலாம். நிரலின் முழுப் பிரதியையும் கையில் வாங்கிக்கொள்ள வேண்டும். என் வாடிக்கையாளர்களுக்கு இதையெல்லாம் ஒரே தாளில் எழுதிக் கையெழுத்திட்டுக் கொடுக்கிறேன். இதனால் எனக்கு வேலை குறையவில்லை.

தொழில்முனைவோருக்கு அரசும் வணிகர் சங்கங்களும் நடத்தும் பயிற்சிகளில் இணைய விற்பனை பற்றிச் சொல்லும்போது இந்த ஒரு தாளையும் சேர்த்துக் கொடுக்கலாம். நீங்களும் இப்படி ஒரு மாதிரி ஒப்பந்தத்தைத் தமிழில் உங்கள் வணிகப் பக்கத்தில் வெளியிட வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன். வரைவு வேண்டுமென்றால் எழுதி அனுப்புகிறேன். அடுத்த தீபாவளி ஆர்டர் தொடங்குவதற்கு முன் வந்தால் நல்லது.

இப்படிக்கு,
இணையக் கடை கட்டும் தொழிலில் உள்ள வாசகர்,
சென்னிமலை.