பெயர் ஒத்துப்போனால் போதுமா?

ஆசிரியருக்கு வணக்கம். வேதாகம ஊர்களைப் பற்றிய தங்கள் கட்டுரை, வசனத்தையும் வரைபடத்தையும் வைத்தே இடத்தைச் சொல்லிவிடலாம் என்ற தோரணையில் இருந்தது. அவ்வளவு சுலபமில்லை.

கிபியோனையே எடுத்துக்கொள்ளுங்கள். எருசலேமுக்கு வடமேற்கே உள்ள எல்-ஜிப் கிராமம்தான் அது என்று, பெயர் ஒற்றுமையை வைத்து 1838-இல் அமெரிக்க வேதாகம அறிஞர் எட்வர்ட் ராபின்சன் சொன்னார். ஆனால் சந்தேகம் தீரவில்லை. 1956-இல் தொல்லியலாளர் ஜேம்ஸ் பிரிட்சார்ட் அங்கே தோண்டத் தொடங்கிய பிறகுதான், 'கிபியோன்' என்று எபிரெய எழுத்தில் கீறிய ஜாடிக் கைப்பிடிகள் கிடைத்தன.

சரி, ஜாடி ஊர் விட்டு ஊர் போகும் பொருளாயிற்றே, பெயரை மட்டும் நம்பலாமா? நியாயமான கேள்விதான். ஆனால் ஜாடிகளுக்கான களிமண் மூடிகளும், திராட்சரசம் ஊற்றும் புனலும், பாறையில் வெட்டிய ரசக் கிடங்குகளும் அங்கேயே இருந்தன. ஜாடிகள் நிரப்பப்பட்ட ஊர் அதுதான். அப்புறம், 79 படிகளோடு பாறையில் குடைந்த ஒரு பெரிய குளம். வேதாகமத்தின் இரண்டாம் சாமுவேல் நூலில், சவுல் வீட்டுப் படைத்தலைவன் அப்னேரின் ஆட்களும் தாவீதின் படைத்தலைவன் யோவாபின் ஆட்களும் எதிரெதிரே உட்கார்ந்த குளம் அதுவாக இருக்கலாம். அதை மட்டும் நான் அடித்துச் சொல்லமாட்டேன்.

– ஒரு வாசகர்