முற்றத்தை மூடாதே

அன்பு மச்சான்,

நீ அனுப்பிய வீட்டு பிளான் கிடைத்தது. நல்லூர் வீட்டை இடித்துக் கட்டுவதில் எனக்கு மறுப்பில்லை. கூரை மரமெல்லாம் செல்லரித்துப் போய்க் கிடப்பதை நானும் பார்த்தேன். ஆனால் நாலு பக்கமும் அறைகள் சூழ்ந்த நாற்சாரின் நடு முற்றத்துக்கு மேலே கொங்கிறீற் பிளாட் போட்டு மூடி, அந்த இருட்டுக்கு ஈடாக ஹோல் முழுக்க சீலிங் லைட் குத்தச் சொல்லியிருக்கிறாயே, அதைத்தான் என்னால் சீரணிக்க முடியவில்லை.

போன கிழமை கட்டடக்கலைஞர் ஜெப்ரி பாவாவின் கொழும்பு வீட்டைப் பார்க்கப் போனேன். முன்கூட்டியே சொல்லிவிட்டுப் போனால் சுற்றிக் காட்டுகிறார்கள். 33ஆம் ஒழுங்கை, பகத்தலை வீதிக்குப் பக்கம். வெளியே வெறும் வெள்ளை மதில், அவ்வளவுதான். படிக்கிற காலத்தில் அந்தப் பக்கத்தால் சைக்கிளில் போகும்போது நாமிருவரும் திரும்பியாவது பார்த்திருப்போமா?

அது முதலில் வரிசையாக நின்ற 4 சின்ன வீடுகள். 1950களின் கடைசியில் ஒன்றில் வாடகைக்குக் குடியேறியவர், பத்து வருசத்துக்குள் ஒவ்வொன்றாக வாங்கிச் சேர்த்திருக்கிறார். இரு பக்கமும் அயல் வீடுகள் நெருக்கிக்கொண்டு நிற்க யன்னல் எங்கே வைப்பது? மேலே திறந்துவிட்டார். நீளமான வெள்ளை நடை ஒன்று. நடக்க நடக்க, இங்கே ஒரு துண்டு வானம், அங்கே ஒரு சின்ன முற்றம். வெயில் சுவரில் பட்டுத் தெறித்துத்தான் அறைக்குள் வருகிறது, நேரே வருவதில்லை. அறைகள் கொஞ்சம் இருட்டுத்தான். இருட்டாக இருப்பதால்தான் அந்தத் துண்டு வெளிச்சத்தை நோக்கிக் கால் தானாகப் போகிறது. எங்கே வெளிச்சம் வேண்டாம் என்று தீர்மானிக்கத் தெரிந்த மனுசன். நம்முடைய ஆட்கள் சுவிட்சை எண்ணுவதோடு சரி.

உள்ளே செட்டிநாட்டுத் தூண்களும் நிற்கின்றன, பழைய வீடுகளிலிருந்து வந்தவை. ஒட்டவைத்த மாதிரித் தெரியவே இல்லை.

இத்தனைக்கும் ஆள் முதலில் வழக்கறிஞர். 1957இல், 38 வயதில்தான் கட்டடக்கலைஞராகத் தகுதி பெற்றார். ஐந்தே வருசத்தில், 1962இல், பத்திக் கலைஞர் ஏனா டி சில்வாவுக்குக் கட்டி முடித்த வீடு நகரத்துக் காணிக்குள் முற்றத்தைத் திரும்பக் கொண்டுவந்தது. இறக்குமதிச் சாமான் கிடைக்காத காலம். ஊர்க் கல், ஊர் மரம், ஊர் ஓடு. பிறகு காணி கைமாறியபோது வீட்டையே கழற்றிக் கொண்டுபோய், பெந்தோட்டைக்குப் பக்கத்தில் பாவாவின் லுணுகங்கைத் தோட்டத்தில் திரும்பக் கட்டியிருக்கிறார்கள். நீயோ இருக்கிற முற்றத்தை மூடப் பார்க்கிறாய்!

எல்லாவற்றையும் கண்மூடிப் புகழ்கிறேன் என்று நினையாதே. அவர் வடிவமைத்த கோட்டே பாராளுமன்றம் தண்ணீருக்கு நடுவே தூரத்திலிருந்து பார்க்க அழகு, ஆனால் மனசில் ஒட்டவில்லை. அவ்வளவு பெரிதாகப் போனதும் அவருடைய கை எட்டவில்லையோ என்று தோன்றியது. அவருடைய கந்தலாமை ஹோட்டலைப் பற்றி இன்னொரு நாள் சண்டை பிடிப்போம்.

உன் வீட்டுக்கு உதவுகிற விசயம் ஒன்று. அவருடைய கூரைகளில் அடியில் நெளிந்த சீமெந்துச் சீற், அதற்கு மேலே அரைவட்டப் பீலி ஓடு. ஓடு விலகினாலும் ஒழுகாது, சீற்றின் சூட்டை ஓடு தடுக்கும். இப்போது அஸ்பெஸ்டோஸ் கலக்காத சீற் கேட்டு வாங்கு. பிளாட்டை விட வீடு குளிர்ச்சியாக இருக்கும், பங்குனி வெயிலில் எனக்கு நன்றி சொல்வாய். முற்றத்தை விட்டுவை. மழைத்தண்ணி போகிற வாய்க்காலைக் கொஞ்சம் அகலமாக வெட்டச் சொல். ராவுக்கு வாசிக்கிற கதிரைக்குப் பக்கத்தில் ஒரு லைட், சாப்பாட்டு மேசைக்கு மேலே தாழ்வாக ஒன்று, விறாந்தையில் ஒன்று போதும்.

கள்ளன் வருவான் என்று அம்மா பயப்படுவதாக எழுதியிருந்தாய். முற்றத்துக்கு மேலே இரும்புக் கம்பி வலை போடலாம், வெயிலையும் மழையையும் அது மறிக்காது. மேசனிடம் நானே பேசுகிறேன். அடுத்த மாதம் யாழ்ப்பாணம் போகிற வேலை இருக்கிறது. அதற்குள் பிளானைத் திருத்தி அனுப்பு.

அன்புடன்,
உன் பழைய கூட்டாளி