தும்புத்தடியும் வாக்குச்சீட்டும்

அன்புள்ள மச்சான்,

நாங்கள் எல்லாரும் சுகம். நீ, மச்சாள், பிள்ளையள் எல்லாரும் சுகமாயிருப்பியள் எண்டு நம்புறன். கலியாணப் படங்கள் வந்து சேர்ந்தது. உன்ர வேட்டிக் கட்டு இன்னும் அப்பிடியேதான் இருக்கு, வீட்டில எல்லாரும் பாத்துச் சிரிச்சம்.

விசயத்துக்கு வாறன். எங்கட வீட்டுக் கூட்டுறவுச் சங்கத்தின்ர ஆண்டுக் கூட்டத்தில என்னைத் தலைவராத் தெரிஞ்சிருக்கினம்! முதல்ல உனக்குத்தான் சொல்லவேணும் போல இருந்தது. நோர்வேயின்ர வடகிழக்கு மூலையில, வார்டோவில நாங்கள் இருந்த இருப்பு வேற ஆருக்குத் தெரியும்?

நவம்பர் கடைசியில போற சூரியன் ஜனவரி நடு தாண்டித்தான் திரும்பி வரும். பக்டரி மேசையில தொர்ஸ்க் மீனை முள்ளெடுத்து வெட்டி, இரவில விரலை மடக்கேலாமல் கிடந்தம். இந்த நாட்டோட எப்பிடிச் சேர்ந்து வாழுறதெண்டு ஒருத்தரும் எங்களுக்கு வகுப்பெடுக்கேல்லை. ஆனா உள்ளூர்ப் பொடியள் தெற்குக்குப் போயிட்டாங்கள், மீன் வெட்ட ஆள் தேவை. எங்கட கை தேவைப்பட்டபடியால் பக்கத்து மேசைக்காரி பாஷையும் சொல்லித் தந்தா. சூரியன் முழுசாத் தெரிஞ்ச அண்டைக்குக் கோட்டையில பீரங்கி வெடிச்சு, பள்ளிக்கூடத்துக்கு லீவும் விட்டாங்கள். அண்டைக்கு எங்களையும் இழுத்துக்கொண்டு போனாவே, ஞாபகமிருக்கோ?

இப்ப வாற அகதியளுக்கு அரசாங்கம் கனக்கச் செய்யுது. அறிமுகத் திட்டம், பாஷை வகுப்பு, படிக்கிற காலத்துக்குக் காசு. 2022 ஒக்டோபரில இருந்து குடியுரிமைக்கு நோர்வே பாஷை வாய்மொழிப் பரீட்சையில பி1 தரம் வேணும், அதாவது அன்றாட விசயங்களைத் தானாக் கதைக்கிற அளவு. பாஷை கட்டாயம் வேணும், அதில எனக்கு மாற்றுக் கருத்தில்லை. ஆனா எங்கட மூண்டாம் மாடியில ஒரு சிரியாக்காரப் பிள்ளை இருக்கிறா. வகுப்பில இலக்கணமெல்லாம் சரியாச் செய்யிறா. வீட்டை வந்து கதவைப் பூட்டினா, அடுத்த நாள் வகுப்பு வரைக்கும் அந்தப் பாஷையில ஒரு சொல்லுப் பேச ஆளில்லை. நோர்வேக்காரர் கெட்ட சனமில்லை மச்சான். கேளாமல் அடுத்தவன் வாசலுக்குப் போறது மரியாதையில்லை எண்டு வளர்ந்தவை. கதை தொடங்க அவைக்கு ஒரு வேலை வேணும்.

அதுக்குத்தான் டுக்னாட் இருக்கு, அயலவை எல்லாரும் சேர்ந்து செய்யிற சிரமதானம். பனிக்காலத்தில வழுக்காமல் இருக்க எறிஞ்ச சல்லிக்கல்லெல்லாம் வசந்தத்தில முற்றம் முழுக்கக் கிடக்கும். எல்லாரும் இறங்கிக் கூட்டுவம். இந்த முறை அவவின்ர கதவைத் தட்டித் தும்புத்தடியைக் கையில குடுத்தன். கீழ்வீட்டுக் கிழவர் தள்ளுவண்டியோட நிண்டவர். “காத்துக்கு முதுகைக் குடுத்துக் கூட்டு, இல்லாட்டிப் புழுதி முழுக்க முகத்திலதான்” எண்டு அவவுக்குக் காட்டிக் குடுத்தார். மத்தியானம் சொசேஜ் வாட்டேக்க, பன்றி இல்லாததை அவவின்ர மகனுக்குத் தேடி எடுத்ததும் அவர்தான். இப்ப எந்தப் பூச்செடியை எங்க வைக்கிறதெண்டு ரெண்டு பேருக்கும் ஒரே வாக்குவாதம். அவவின்ர பாஷையும் அந்த வாக்குவாதத்திலதான் வளருது.

மற்றது வாக்கு. மூண்டு வருசம் இஞ்ச இருந்த வெளிநாட்டுக்காரர் குடியுரிமை இல்லாமலே உள்ளூராட்சித் தேர்தலில வாக்குப் போடலாம் எண்டு 1983இலயே கொண்டு வந்திட்டாங்கள். உனக்கு ரொறன்ரோவில கனடாக் குடியுரிமை கிடைக்கும் வரைக்கும் நகரசபைக்குக்கூட வாக்கில்லை. குப்பை எடுக்கிற நாளில இருந்து பிள்ளையின்ர பள்ளிக்கூடம் வரைக்கும் உன்னைக் கேளாமல் முடிவெடுத்தால் அந்த ஊர் எப்பிடி உன்ர ஊராகும்?

பிள்ளையளைத் தமிழ் படிக்க விட்டால் இந்த நாட்டோட ஒட்டாதுகள் எண்டு சொல்லுற எங்கட ஆக்களைக் கண்டால் எனக்குக் கோவம்தான் வருது. யாழ்ப்பாணத்தில பிறந்து மூண்டு வயசில இஞ்ச வந்த கம்சாயினி குணரத்தினம் 2015இல ஒஸ்லோத் துணை மேயர், 2021இல பாராளுமன்ற உறுப்பினர். அவ தமிழ்ப் பிள்ளை இல்லாமல் போயிட்டாவோ?

அடுத்த கூட்டத்தில ஒரு தீர்மானம் கொண்டுவரப் போறன். புதுசாக் குடிவாற ஒவ்வொரு வீட்டுக்கும் முதல் வருசத்திலயே ஒரு பொறுப்புக் குடுக்கவேணும், சைக்கிள் அறையோ, பூந்தோட்டமோ, ஏதோ ஒண்டு. கட்டாயப்படுத்துற மாதிரி இருக்குமெண்டு நிர்வாகத்தில சிலர் சொல்லினம். அதிலயும் நியாயம் இருக்கு, டுக்னாட் எண்டாலே விருப்பத்தோட வாறதுதானே. நீயும் உங்கட கட்டிடத்து நிர்வாகத்தில இருக்கிறாய். அங்க புது ஆக்களை எப்பிடிச் சேர்க்கிறியள்? ரெலிபோனில சொல்லாதை, எழுதி அனுப்பு. கூட்டத்தில வாசிச்சுக் காட்டவேணும்.

அன்புடன்,
ரவி