டைகரோடு நாகர்கோவில் போகிறவளுக்கு

அன்புள்ள கழுதைக்கு,

உன் கடிதம் வந்து பத்து நாளாகிறது. சோம்பல்தான், வேறு காரணம் இல்லை. உன் மகள் கோயம்புத்தூரில் வேலைக்குச் சேர்ந்துவிட்டாள் என்று படித்ததும் மனசு நிறைந்துவிட்டது. நம் ஹாஸ்டல் வராந்தாவில் தவழ்ந்த குழந்தை மாதிரியே எனக்கு இன்னும் தோன்றுகிறது, கணக்குப் பார்த்தால் அப்போது அவள் பிறக்கவே இல்லை. இங்கே பெரிய செய்தி ஒன்றும் கிடையாது. இவர் ஓய்வு பெற்று ஆறு மாதமாகிறது, மிக்சியிலிருந்து கேட் தாழ்ப்பாள் வரைக்கும் பழுது பார்க்கிறேன் என்று பிரித்துப் போட்டிருக்கிறார். எனக்கு முழங்கால் வலி அப்படியே இருக்கிறது. மணி நன்றாக இருக்கிறான்.

சரி, நீ கேட்டதற்கு வருகிறேன். டைகரை ஏற்றிக்கொண்டு சென்னையிலிருந்து மாமியார் வீட்டுக்குக் காரிலேயே போகப்போகிறாய், வழியில் நாலு இடம் பார்க்க வேண்டும், நாயை விடுகிற இடங்களின் பட்டியல் அனுப்பு என்று எழுதியிருந்தாய். என்னிடம் பட்டியல் இல்லை டி. போன தை மாதம் மணியோடு ஏறக்குறைய இதே வழியில் போய் வந்தோம், பட்டதைச் சொல்கிறேன், நீயே எடுத்துக்கொள்.

முதலில் ஒரு சண்டை. மே மாதம் என்கிறாயே, அங்கேதான் உதைக்கிறது. மணி நாட்டு நாய், உடம்பில் முடியே இல்லாத மாதிரி இருப்பான், அவனே தை மாதத்து மத்தியானத்தில் நாக்கைத் தொங்கப்போட்டுவிட்டான். டைகர் லாப்ரடார், அதுவும் உன் கையால் சாப்பிட்டு வளர்ந்த லாப்ரடார். நாய்க்கு நம்மைப் போல உடம்பெல்லாம் வியர்க்காது, இரைத்து இரைத்துத்தான் சூட்டை வெளியே தள்ள வேண்டும், பாதத்தில் மட்டும் லேசாக வியர்க்கும். தார் ரோட்டில் இறக்குவதற்கு முன்னால் உன் புறங்கையை ஏழு விநாடி ரோட்டில் வைத்துப் பார், வைக்க முடியவில்லை என்றால் அவனாலும் முடியாது. கத்திரியில் காலை ஒன்பது மணிக்கு மேல் உன்னால் வைக்கவே முடியாது. அதனால் விடியற்காலை நாலு மணிக்குக் கிளம்பு, ஒன்பது மணிக்குள் எதையாவது பார்த்து முடித்து அறைக்குப் போய் விழு, அப்புறம் சாயங்காலம் நாலரைக்கு மேல் வண்டியை எடு. எழுநூறு கிலோமீட்டரை மூன்று நாளாக வெட்டு. ஒரே நாளில் போய்விடலாம் என்று உன் வீட்டுக்காரர் சொல்வார், எல்லா வீட்டுக்காரர்களும் சொல்வார்கள். இன்னொன்று, கண்ணாடியைக் கொஞ்சம் இறக்கிவிட்டு ஐந்து நிமிடத்தில் வந்துவிடுகிறோம் என்று அவனை வண்டியிலேயே விட்டுப்போகிற வேலை மட்டும் வேண்டாம். வெயிலில் நிற்கிற காருக்குள் பத்து நிமிடத்தில் பத்து டிகிரி ஏறிவிடும்.

இடங்களைப் பற்றி நான் கண்டுபிடித்த கணக்கு ஒன்றுதான்: டிக்கெட் கவுன்டர் இருக்கிற இடம் நமக்கு இல்லை. கோட்டை, மியூசியம், அணைக்கட்டுப் பூங்கா, படகு எல்லாம் அதில் அடங்கிவிடும். கோயில் சொல்லவே வேண்டாம். வேடந்தாங்கல் வழியில்தானே என்று ஆசைப்படாதே, சரணாலயம் பக்கம் நாயைக் கொண்டு போகவே கூடாது, விட்டாலும் கூடாது. மிச்சம் என்ன என்கிறாயா? கேட் இல்லாத இடங்கள். ஏரிக்கரை, ஆற்று மணல், குன்றின் அடிவாரம், ஐயனார் கோயில் திடல், நடுகல் நிற்கிற காடு கழனி. உட்கார்ந்து யோசித்தால் நம் ஊரில் பார்க்கத் தக்கதில் பாதி அங்கேதான் கிடக்கிறது, நாய் இல்லாவிட்டால் நாங்கள் திரும்பிக்கூடப் பார்த்திருக்க மாட்டோம். உள்ளே போய்த்தான் ஆக வேண்டும் என்கிற இடத்தில் ஒருத்தர் உள்ளே, ஒருத்தர் வெளியே. எங்கள் வீட்டில் வெளியே இருந்தது யார் என்று உனக்குச் சொல்ல வேண்டியதில்லை.

முதல் நாள் நாங்கள் நேர் சாலையை விட்டுத் திருவண்ணாமலைப் பக்கம் திரும்பினோம். காரணம் இவர். தண்டராம்பட்டுக்குப் பக்கத்தில் எடுத்தனூர் என்று ஒரு ஊர் இருக்கிறது, அங்கே ஒரு நாய்க்குக் கல்வெட்டு இருக்கிறது, மணியைக் கூட்டிக்கொண்டு போகிறவர்கள் அதைப் பார்க்காமல் போனால் எப்படி என்று ஒரே பிடிவாதம். மகேந்திரவர்மப் பல்லவன் காலத்து நடுகல், 7ஆம் நூற்றாண்டு. எருமை மந்தையைக் காக்கச் சண்டை போட்டுச் செத்த ஒரு வீரன், கையில் ஆயுதத்தோடு நிற்கிறான், அவனுக்குப் பின்னால் ஒரு நாய். நாயின் பெயர் கோவிவன். அது திருடர்களைக் கடித்துக் காவல் காத்து நின்றது என்று தனியாக வெட்டி வைத்திருக்கிறார்கள். எனக்குக் கல்வெட்டு எழுத்தெல்லாம் தெரியாது, இவர்தான் விரலை வைத்துக் காட்டினார். ஆயிரத்து முந்நூறு வருஷத்துக்கு மேலாக ஒரு நாயின் பெயர் அழியாமல் இருக்கிறது, எங்கள் கொள்ளுப்பாட்டி பெயர் எனக்குத் தெரியாது. மணி கல்லை ஒரு சுற்று மோந்துவிட்டு நிழல் பார்த்துப் படுத்துக்கொண்டான். தலையில் புல்லுக்கட்டோடு போன ஒரு அம்மா நின்று, “இதென்ன, கல்லைப் பாக்க நாயக் கூட்டியாந்தீங்களா?” என்று கேட்டார். ஆமாம் என்றோம். அவருக்கு அது ஒரு நல்ல காரணமாகவே பட்டிருக்க வேண்டும், மேற்கொண்டு ஒன்றும் கேட்கவில்லை. (விழுப்புரம் பக்கம் அரசலாபுரத்தில் சண்டைக்கோழி ஒன்றுக்கே நடுகல் இருக்கிறதாம். அதையும் பார்க்கலாம் என்றார். நம்மிடம் கோழி இல்லையே என்று சொல்லிவிட்டேன்.)

அங்கிருந்து சாத்தனூர் அணை பக்கம்தான், ஆனால் அங்கே முதலைப் பண்ணை இருக்கிறது, மணியை இறக்கவே இல்லை. வேடிக்கை என்னவென்றால் அடுத்து நாங்கள் போனதும் ஒரு சாத்தனூர். இது பெரம்பலூர் மாவட்டம், திருச்சி சாலையிலிருந்து உள்ளே போக வேண்டும். கல்லாகிப்போன மரம் ஒன்று அங்கே கிடக்கிறது, பதினெட்டு மீட்டருக்கு மேல் நீளம், ஏறக்குறைய 12 கோடி வருஷத்துக்கு முந்தையது, ஒரு காலத்தில் கடல் அந்தப் பக்கம் வரை இருந்ததாம். 1940ல் எம்.எஸ். கிருஷ்ணன் என்கிற புவியியல் அறிஞர் கண்டு சொன்னது. வேலி போட்டு வைத்திருக்கிறார்கள், இவர் உள்ளே, நானும் மணியும் வெளியே. மரம் கல்லானாலும் மரம்தான் என்று மணிக்கு எப்படியோ தெரிந்துவிட்டது போல, அறிவிப்புப் பலகையின் காலில் தன் முறையைச் செய்துவிட்டு வந்தான். உனக்கு நேரம் இருந்தால் மட்டும் போ, டைகருக்கு அங்கே ஒன்றும் இல்லை.

அவனுக்கென்றே ஒரு இடம் சொல்ல வேண்டுமானால் கொள்ளிடம். திருச்சியில் இரவு தங்கிவிட்டு, விடியும்போது கொள்ளிடத்து மணலில் இறங்கினோம். அவ்வளவு பெரிய வெளி, ஆள் இல்லை, மணல் இரவுக் குளிர்ச்சியோடு இருந்தது. ரெண்டு நாளாகப் பின்சீட்டில் சுருண்டு கிடந்தவன் கயிற்றைக் கழற்றியதும் ஒரு கணம் எங்களைத் திரும்பிப் பார்த்தான், நிஜமாகவா என்று கேட்கிற மாதிரி. அப்புறம் ஓடினான் பார், வட்டம் வட்டமாக, வாலை உள்ளே மடக்கிக்கொண்டு, காது பின்னால் ஒட்டிக்கொள்ள. ஒரு மணி நேரம். அன்றைக்குப் பூராவும் வண்டியில் சத்தமே இல்லை, குறட்டை மட்டும். ஆனால் ஒன்று, மணல் அள்ளிய பள்ளங்கள் இருக்கும், தண்ணீர் தேங்கி மேலே சாதுவாகத் தெரியும். முதலில் நீ ஒரு நடை நடந்து பார்த்துவிட்டு அவனை விடு. தண்ணீரைக் கண்டால் லாப்ரடார் சொல் பேச்சுக் கேட்காது.

இனி எனக்கு நடந்த கூத்து. மதுரைக்கு முன்னால் ஒரு டீக்கடையில் நிறுத்தினோம். டீக்கடை என்றாலே அங்கே ஒரு ராஜா இருப்பான், அந்த ஊர் நாய், கூட நாலு மந்திரிகள். அதனால் கடை வாசலில் நிறுத்தாமல் நூறு அடி தள்ளி நிறுத்துவோம், இவர் போய் பிளாஸ்கில் டீ வாங்கி வருவார். அன்றும் அப்படித்தான். நான் மணியைப் பிடித்துக்கொண்டு புளியமரத்தடியில் நின்றேன். பக்கத்தில் எங்கேயோ கோயில் விசேஷம், திடீரென்று வெடி போட்டார்கள். மணி ஒரே இழுப்பு, தலையைப் பின்னால் உருவினான், கழுத்துப்பட்டை என் கையில், நாய் வயலுக்குள். என் முழங்காலை வைத்துக்கொண்டு நான் எங்கே ஓட? இவர் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு வரப்பில் ஓடுகிறார், டீக்கடையில் இருந்தவர்கள் பாதிப்பேர் பின்னாலேயே ஓடுகிறார்கள், எல்லோரும் “மணீ மணீ” என்று கத்துகிறார்கள், அந்த ஊரில் மணி என்று எத்தனை பேர் இருந்தார்களோ. முக்கால் மணி நேரம் கழித்து ஒரு மோட்டார் ரூமுக்குப் பின்னால் நடுங்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தவனை ஒரு பள்ளிக்கூடப் பையன் கண்டுபிடித்தான். பையன் பிஸ்கட்கூட வேண்டாம் என்றுவிட்டான். ஆகவே, கழுத்துப்பட்டையை நம்பாதே, மார்பைச் சுற்றிக் கட்டுகிற ஹார்னஸ் வாங்கு, அதில் உன் போன் நம்பர் எழுதின தகடு ஒன்று தொங்கட்டும். சித்திரை வைகாசியில் தெற்கே ஊருக்கு ஊர் திருவிழா, வெடி இல்லாத நாளே இருக்காது.

தங்குகிற இடம் பற்றியும் கேட்டாய். மதுரையில் ஒரு விடுதிக்கு முன்னாலேயே போன் செய்து, நாய் உண்டு என்று சொல்லி, சரி என்றும் சொல்லியிருந்தார்கள். போய் இறங்கினால் கவுன்டரில் வேறு ஆள். நாய் என்றதும் பொமரேனியன் மாதிரி ஏதோ என்று நினைத்துவிட்டார்களாம், இது தெரு நாய் மாதிரி இருக்கிறதே என்றார். எனக்கு வந்த கோபத்துக்கு... சரி விடு. ராத்திரி எட்டரை மணிக்கு ஊருக்கு வெளியே வேறு இடம் தேடிப் போனோம். நீ வாட்ஸ்அப்பில் டைகர் போட்டோவையும் தடுப்பூசி அட்டையையும் அனுப்பி, எழுத்தில் சரி வாங்கிக்கொள். தரைத்தள அறையாகக் கேள். லிப்டில் அவனைப் பார்த்து அலறுகிறவர்கள் தொல்லை இருக்காது.

அந்தக் கோபமெல்லாம் மறுநாள் காலை கீழக்குயில்குடியில் போயிற்று. மதுரைக்கு மேற்கே, சமணர் மலை அடிவாரம். தாமரைக் குளம், ஆலமரங்கள், பெரிய மீசையோடு சாமிகள் நிற்கிற ஐயனார் கோயில். இவர் படியேறி மேலே தீர்த்தங்கரர் சிற்பங்களைப் பார்க்கப் போனார், நானும் மணியும் குளத்துப் பக்கம் ஆலமரத்தடியில். தண்ணீர் எடுக்க வந்த ஒரு பாட்டி நேராக வந்து, “பைரவர் என்ன சாப்புடுவாரு?” என்று கேட்டு, மடியிலிருந்து வறுக்கியை எடுத்துப் போட்டுவிட்டுப் போனார். முந்தின ராத்திரி தெரு நாயாக இருந்தவன், காலையில் பைரவர்.

சாப்பாட்டைப் பற்றி அதிகம் யோசிக்காதே. காலையில் கிளம்புவதற்கு ரொம்ப முன்னாலேயே கொஞ்சமாகக் கொடு, இல்லாவிட்டால் செஞ்சி தாண்டுவதற்குள் சீட்டில் எல்லாம் திரும்பி வரும். வழியில் வெறும் இட்லி, அவித்த முட்டை, உப்புப் போடாத தயிர்சாதம் போதும். சால்னா ஊற்றின பரோட்டா கொடுக்காதே, வெங்காயம் நாய்க்கு விஷம். வெந்த கோழி எலும்பும் கூடாது, பிளந்து குத்திவிடும். புல்லில் புரண்டால் விரலிடுக்கிலும் காது மடலிலும் உண்ணி பார்.

மதுரைக்குக் கீழே நான் உனக்குச் சொல்ல என்ன இருக்கிறது, அது உன் ராஜ்ஜியம். கோவில்பட்டியில் கடலை மிட்டாய் வாங்கினோம், திருநெல்வேலியில் தாமிரபரணிப் படித்துறையில் மணியைக் குளிப்பாட்டினோம், துவைக்க வந்தவர்களுக்குக் கீழே, நீரோட்டம் போகிற பக்கமாகத் தள்ளி நின்று. முப்பந்தலில் காற்றாலைகளைப் பார்த்து ஏன் இத்தனை குரைத்தான் என்று இன்றைக்கும் புரியவில்லை. கன்னியாகுமரியில் சூரியோதயத்துக்கு நிற்கிற கூட்டத்தில் டைகரைக் கொண்டு போகாதே, சொத்தவிளைக் கடற்கரைக்கு விடியற்காலை போ. அலை முரட்டலை, கயிறு கையிலேயே இருக்கட்டும்.

ஹார்னஸ் வாங்குவதற்கு முன் அவன் மார்புச் சுற்றளவை அளந்து அனுப்பு. மணிக்கென்று வாங்கியதில் ஒன்று பெரிசாகிவிட்டது, பிரிக்காமலே கிடக்கிறது. வருகிற ஞாயிறு இவர் திருவான்மியூர் வருவார், கொடுத்துவிடுகிறேன். மிக்சி கெட்டிருந்தால் அவர் கண்ணில் காட்டிவிடாதே.

உன்
பழைய ரூம்மேட்

பி.கு.: எடுத்தனூர் போவதாக இருந்தால் தண்டராம்பட்டிலேயே டீ குடித்துவிட்டு வழியும் கேட்டுக்கொள். நாங்கள் போன் மேப்பை நம்பி ஒரு கரும்புத் தோட்டத்துக்குள் போய் நின்றோம்.